ஆன் செய்யும் முன்: பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களின் பவர் சப்ளை

பழைய கமோடோர் 64 ஒன்று கைக்குக் கிடைத்தால் முதலில் செய்ய வேண்டிய வேலை, அதை ஆன் செய்யாமல் இருப்பதுதான். ஆசை கையைப் பிடித்து இழுக்கும், தெரியும். அட்டைப்பெட்டியைத் திறந்தால் உள்ளே பழுப்பு நிறக் கீபோர்டு, கூடவே செங்கல் போலக் கனக்கும் ஒரு பெட்டி, அதன் இரண்டு பக்கமும் ஒயர். ஒன்றைச் சுவரிலும் இன்னொன்றைக் கம்ப்யூட்டரிலும் செருகி சுவிட்சைத் தட்டினால் அந்த நீலத் திரை வந்துவிடும் போல இருக்கும். வரவும் செய்யலாம். ஆனால் நாற்பது வருடம் தாங்கிய மெமரி சிப்புகள் அந்த நொடியிலேயே செத்துப் போகவும் வாய்ப்பு உண்டு. அப்படி நடந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் செங்கல்தான்.

பவர் சப்ளை என்றால் பலருக்கு அது ஒரு துணைப் பொருள். கம்ப்யூட்டர்தான் முக்கியம், இது வெறும் எலிமினேட்டர் என்ற நினைப்பு. இன்று வேலை செய்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். நான் கேட்கச் சொல்வது வேறொரு கேள்வி: இந்தப் பெட்டி கெட்டுப்போனால் எந்தத் திசையில் விழும்? சில பெட்டிகள் தாமாக அணைந்துவிடும், கம்ப்யூட்டருக்கு ஒரு கீறலும் இருக்காது. சில பெட்டிகள் சாகும்போது கம்ப்யூட்டரையும் கூட இழுத்துக்கொண்டு போகும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை.

5 வோல்ட்டுக்கு இறங்கும் வழி

எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் 5 வோல்ட் டி.சி.யில், அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட்டில், ஓடியவை. அந்தக் கால டி.டி.எல் வகை சிப்புகளுக்கு 4.75 முதல் 5.25 வரைதான் அனுமதி. அதற்குக் கீழே போனால் கம்ப்யூட்டர் உளறும், உறையும், தானாக ரீசெட் ஆகும்; ஆனால் சேதம் இல்லை. மேலே போவதுதான் ஆபத்து. 7 வோல்ட் என்பது அந்த சிப்புகளின் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது.

நம் சுவரில் இருப்பதோ 230 வோல்ட் ஏ.சி. நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலையும் கரண்ட். அதை 5 வோல்ட் டி.சி.யாக்க அந்தக் காலத்தில் நான்கு படிகள் இறங்கினார்கள்.

முதலில் டிரான்ஸ்ஃபார்மர். இரும்புத் தகடுகளை அடுக்கி, மேலே செம்புக் கம்பியைச் சுற்றியது. அந்தக் கனம் முழுக்க இதனுடையதுதான். 230 வோல்ட்டை 9 வோல்ட் ஏ.சி.யாகக் குறைக்கும். குறைக்கும் விகிதத்தை மாற்றிக்கொள்ள இதற்குத் தெரியாது. வீட்டில் வோல்டேஜ் 260-க்கு ஏறினால் 9 என்பது 10-ஐத் தாண்டும். 170-க்கு இறங்கினால் ஏழுக்கும் கீழே வரும். சாயங்காலமானால் டியூப்லைட் துடிக்கும் ஊர்களில் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ரெக்டிஃபையர். நான்கு டயோடுகள். டயோடு என்பது ஒருவழிப் பாதை. முன்னும் பின்னும் போகும் கரண்ட்டை எப்போதும் ஒரே திசையில் போகும்படி இவை திருப்பிவிடுகின்றன. வெளியே வருவது ஒரே திசைதான், ஆனாலும் நொடிக்கு 100 முறை எழுந்து விழும் மேடுபள்ளம்.

அந்தப் பள்ளங்களை நிரப்ப ஒரு பெரிய எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர். மேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு பள்ளத்தில் கொடுக்கும். முழுதாகச் சமமாகாது, மேலே ஒரு சின்ன நெளிவு மிஞ்சும். அதற்கு ரிப்பிள் என்று பெயர். கண்டென்சர் வயதாகி உலர உலர ரிப்பிள் கூடும். திரையில் கிடைமட்டமாக ஒரு பட்டை மெல்ல ஊர்ந்து போவதைப் பார்த்தால், ஸ்பீக்கரில் ஒரு ஹம் சத்தம் கேட்டால், முதல் சந்தேகம் இதன் மீதுதான்.

இங்கே புதியவர்கள் குழம்பும் ஒரு விஷயம். 9 வோல்ட் என்று எழுதிய பழைய அடாப்டரின் முனையில் மல்டிமீட்டரை, அதாவது வோல்ட் அளக்கும் மீட்டரை, வைத்தால் 12, 13 என்று காட்டும். கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. கெடவில்லை. 9 வோல்ட் ஏ.சி. என்பது ஒரு வகைச் சராசரி. அந்த அலையின் உச்சம் 12.7 வோல்ட். சுமை இல்லாதபோது கண்டென்சர் அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் போய் நிரம்பி நிற்கும். கம்ப்யூட்டரை மாட்டிக் கரண்ட் இழுத்தால் கீழே இறங்கிவிடும். இப்படிப்பட்ட அடாப்டரை ‘அன்ரெகுலேட்டட்’ என்பார்கள், கட்டுப்பாடு இல்லாதது.

கடைசிப் படி அந்தக் கட்டுப்பாடு. ரெகுலேட்டர். வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் வைக்கிறோம் அல்லவா, அதன் வேலையை நகத்தளவு இடத்தில் செய்யும் சிப். மிகப் பிரபலமானது 7805. மூன்றே கால்கள்: உள்ளே வருவது, தரை (பூஜ்ய வோல்ட் பக்கம்), வெளியே போவது. 7-க்கு மேல், அதன் உச்சவரம்புக்குள், எவ்வளவு கொடுத்தாலும் 5 மட்டும் வெளியே விடும். உள்ளே ஒரு டிரான்சிஸ்டர், குழாயைத் திருகித் திருகித் தண்ணீரின் அளவைச் சரிசெய்யும் கை போல, ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். மிச்சமான வோல்ட் எங்கே போகிறது? சூடாகிறது. 10 வோல்ட் உள்ளே வந்து 5 வெளியே போனால், 1 ஆம்பியருக்கு 5 வாட் வெறும் சூடு. சின்ன சிப்புக்கு அது நிறைய. அதனால்தான் முதுகில் ஓர் அலுமினியத் தகடு, ஹீட் சிங்க்.

இப்போது அந்தக் கை செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விதமாகச் சாகலாம். குழாய் மூடியபடி நின்றுவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும், அவ்வளவுதான். குழாய் முழுக்கத் திறந்தபடி நின்றுவிட்டால்? உள்ளே வரும் 9, 10 வோல்ட் அப்படியே வெளியே பாயும். மெக்கானிக் மொழியில் ‘ரெகுலேட்டர் ஷார்ட்’. தொடர்ந்து சூட்டில் வெந்த ரெகுலேட்டர்களிடம் இந்த இரண்டாவது மரணம் அதிகம். பழைய பவர் சப்ளைகளைப் பற்றிய பயம் எல்லாம் இந்த ஒரு இடத்தில் இருந்துதான் வருகிறது.

கமோடோரின் செங்கல்

கமோடோர் 64 விற்பனைக்கு வந்தது 1982-ல். 64 கே மெமரி, எட்டு சிப்புகள். அதன் பவர் சப்ளை இரண்டு விதமான கரண்ட்டை ஒரே ஒயரில் கொடுக்கும்: 5 வோல்ட் டி.சி. சுமார் ஒன்றரை ஆம்பியர், 9 வோல்ட் ஏ.சி. 1 ஆம்பியர்.

ஏ.சி. எதற்கு என்று கேட்பீர்கள். நானும் முதலில் இதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். அந்த 9 வோல்ட் ஏ.சி. கம்ப்யூட்டருக்குள் போய்ப் பல வேலை செய்கிறது. படம் தரும் விக் சிப்புக்கும் இசை தரும் சிட் சிப்புக்கும் 12 வோல்ட் வேண்டும், ஏ.சி.யை உள்ளேயே இரட்டித்து, ஒரு 7812 ரெகுலேட்டர் வழியாக அது தயாராகிறது. விக் சிப்புக்கும் கடிகாரத் துடிப்புப் பகுதிக்கும் தனியாக இன்னொரு 5 வோல்ட், இதே ஏ.சி.யிலிருந்து. கேசட் மோட்டாருக்கும் இதிலிருந்துதான். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று: கீபோர்டு, ஜாய்ஸ்டிக் போன்றவற்றைக் கவனிக்கும் சி.ஐ.ஏ. சிப்புகளில் உள்ள கடிகாரம் இந்த ஏ.சி.யின் அலைகளை எண்ணித்தான் நேரம் காட்டும். சுவர்க் கரண்ட்டின் துடிப்பையே ஊசலாக வைத்துக்கொண்ட கடிகாரம். 60 அலைக்கு ஒரு நொடி என்று கணக்கு வைத்திருக்கும் நிரலை நம் 50 அலைக் கரண்ட்டில் ஓட்டினால், அதன் ஒரு நிமிடம் 72 நொடி ஆகும்.

சரி, ஆபத்துக்கு வருவோம். 9 வோல்ட் ஏ.சி. பக்கத்தில் பெரிதாகப் பயமில்லை. அதில் ரெகுலேட்டர் இல்லை, வெறும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்று. கம்ப்யூட்டருக்குள்ளும் அதன் பாதையில் ஒரு ஃபியூஸ் இருக்கிறது. 5 வோல்ட் பக்கத்தில்தான் கோளாறு. டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, கண்டென்சர், ரெகுலேட்டர் எல்லாமே அந்தச் செங்கலுக்குள். பல மாடல்களில் உள்ளே ரெசின் ஊற்றி நிரப்பிக் கல்லாக்கிவிட்டார்கள். முழுச் சுமையில் ரெகுலேட்டர் மட்டுமே ஆறேழு வாட் சூடு தரும், பக்கத்திலேயே டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும், காற்று போக வழியில்லை. எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். ரெகுலேட்டருக்கும் சூடு நல்லதல்ல. இப்படி வருடக்கணக்கில் வெந்த ரெகுலேட்டர் ஒரு நாள் ஷார்ட் ஆகிறது. அங்கிருந்து கம்ப்யூட்டர் போர்டு வரை அந்த 5 வோல்ட் பாதையில் தடுக்க ஒரு ஃபியூஸ்கூட இல்லை. எட்டு, ஒன்பது வோல்ட் நேராக மெமரி சிப்புகளில் போய் இறங்கும். முதலில் போவது பெரும்பாலும் அவைதான். சில சமயம் மற்ற சிப்புகளும் கூடப் போகும். அவற்றில் சிட், விக் இரண்டும் இன்று புதிதாகத் தயாராவதில்லை.

இந்த நோய் கமோடோருக்கு மட்டும் உரியதல்ல. அட்டாரி 800எக்ஸ்எல்லோடு வந்த பவர் சப்ளைகளில் ஒன்றை ரசிகர்கள் ‘இங்காட்’ என்று அழைப்பார்கள், வார்த்த உலோகக் கட்டி என்ற பொருளில். அதுவும் ரெசின் நிரப்பியது, அதுவும் இதே மாதிரிதான் சாகும்.

ஒரு சின்னக் குறிப்பு. கமோடோரில் பவர் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் உடனே மனம் உடைய வேண்டாம். விளக்கு எரிவது 5 வோல்ட்டில். உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய் 9 வோல்ட் ஏ.சி. வராமல் இருந்தாலும் இப்படித்தான் தெரியும். கண்ணாடி ஃபியூஸை மாற்றினாலே சில கம்ப்யூட்டர்கள் எழுந்துவிடும்.

ஸ்பெக்ட்ரத்தின் வழி

அதே 1982-ல், ஏப்ரலில், இங்கிலாந்தில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வந்தது. சின்க்ளேர் நிறுவனம் எதிலும் காசு மிச்சம் பிடிக்கும். வெளியே ஒரு சாதாரண அன்ரெகுலேட்டட் 9 வோல்ட் டி.சி. அடாப்டர், 1.4 ஆம்பியர். ரெகுலேட்டர் கம்ப்யூட்டருக்குள். ஒரு 7805, அதன் மேல் ஒரு அலுமினியத் தகடு. ஸ்பெக்ட்ரத்தைச் சற்று நேரம் ஓட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்தால் தெரியும் அந்தச் சூடு இந்தத் தகட்டுடையது.

இதனால் வெளியே உள்ள அடாப்டர் கெட்டாலும் பெரிய சேதம் வராது. பெரும்பாலும் அது சும்மா செத்துப்போகும். வேறொரு பொறி இருக்கிறது. ஸ்பெக்ட்ரத்தின் பிளக்கில் நடு முள் நெகடிவ், வெளிவட்டம் பாசிட்டிவ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேர் எதிர். பிளக் அழகாகப் பொருந்தும், வோல்டேஜும் சரியாக இருக்கும், செருகிய நொடியில் கம்ப்யூட்டர் சேதமாகும். அடாப்டரின் முதுகில் ஒரு சின்ன வட்டப் படம் இருக்கும், நடுப்புள்ளியிலிருந்து கோடு கூட்டல் குறிக்குப் போகிறதா, கழித்தல் குறிக்குப் போகிறதா என்று காட்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பாருங்கள். பார்த்த பிறகும் மல்டிமீட்டரில் ஒருமுறை சரிபாருங்கள்.

ஸ்பெக்ட்ரத்துக்குள் இன்னொரு நுட்பம் உண்டு. அதன் முதல் 16 கே மெமரி 4116 என்ற பழைய வகை சிப்புகள். அவற்றுக்கு +5, +12, –5 என்று மூன்று வோல்டேஜ் வேண்டும். வெளியே இருந்து வருவதோ ஒன்றுதான். மீதி இரண்டையும் ஒரு சுருளும் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரும் சேர்ந்து போர்டிலேயே உருவாக்குகின்றன. –5 நின்றுபோய் +12 மட்டும் இருந்தால் 4116 சிப்புகள் சூடாகிச் சாகும். பழைய ஸ்பெக்ட்ரம் பழுது என்றாலே டிஆர்4-ஐயும் அந்தச் சுருளையும்தான் முதலில் பார்ப்பார்கள். பவர் சப்ளை என்பது வெளியே தொங்கும் பெட்டி மட்டும் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

இன்று பலர் அந்த 7805-ஐக் கழற்றிவிட்டு, அதே மூன்று காலோடு வரும் சின்ன ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டரைப் பொருத்துகிறார்கள் (ஸ்விட்ச்சிங் என்றால் என்ன என்பது அடுத்த பகுதியில்). சூடு ஏறக்குறைய போயே போய்விடும். நான் இதை முழு மனதோடு சிபாரிசு செய்வேன்.

எஸ்.எம்.பி.எஸ். எனும் வேறு சாதி

1977-ல் வந்த ஆப்பிள் 2-க்கு ஸ்டீவ் ஜாப்ஸ் ஃபேன் வேண்டாம் என்றார், சத்தம் பிடிக்கவில்லை. ஃபேன் இல்லாமல் வைக்கச் சூடு குறைய வேண்டும். ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் அதற்காக ஒரு ஸ்விட்ச்சிங் பவர் சப்ளையை வடிவமைத்தார். நம் ஊரில் எல்லோரும் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லும் அதே இனம்.

இது வேலை செய்யும் விதமே வேறு. சுவர்க் கரண்ட்டை முதலிலேயே டி.சி.யாக்கிவிடுவார்கள், 230 வோல்ட் ஏ.சி. என்றால் அது ஏறக்குறைய 325 வோல்ட் டி.சி. அதை ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கும். அவ்வளவு வேகத்தில் வெட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் எலுமிச்சம்பழ அளவே போதும், இரும்புக்குப் பதில் ஃபெரைட். வெளியே 5 வோல்ட் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து, வெட்டும் நேரத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். மிச்சத்தைச் சூடாக எரிப்பதில்லை, தேவையானதை மட்டும் வாங்கிக்கொள்கிறது. அதனால் குளிர்ச்சி.

கெடும்போதும் வித்தியாசம் உண்டு. வெட்டும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் வெட்டு நின்றுவிடும். வெட்டு நின்றால் டிரான்ஸ்ஃபார்மர் வழியே எதுவும் அந்தப் பக்கம் போகாது. ஃபியூஸ் போகும், கம்ப்யூட்டர் பிழைக்கும். எப்போதும் இப்படித்தான் என்று எழுதிக் கொடுக்க முடியாது. அளவு பார்க்கும் பகுதி கெட்டால் வோல்டேஜ் ஏறலாம். ஆனாலும் சாதாரணமாக இது விழும் திசை நல்ல திசை.

பிபிசி மைக்ரோவில் இதற்கு ஒரு நாடகத்தனமான உதாரணம் உண்டு. ஏக்கார்ன் நிறுவனம் 1981 இறுதியில் கொண்டுவந்த கம்ப்யூட்டர். 1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்ததும் இதுதான். பவர் சப்ளை உள்ளேயே இருக்கும். அதில் சுவர்க் கரண்ட்டின் குறுக்கே, இரைச்சலை வடிகட்ட, ரிஃபா என்ற பெயர் பொறித்த கண்டென்சர்கள் இருக்கும். தேன் நிறக் கண்ணாடி மாதிரி ஓர் உறை, உள்ளே காகிதச் சுருள். வயதாக ஆக அந்த உறையில் மெல்லிய விரிசல்கள் விழும், ஈரம் உள்ளே போகும். பரணில் பல மழைக்காலம் கண்ட கம்ப்யூட்டரை ஆன் செய்தால் சில நிமிடம் நன்றாக ஓடும், பிறகு பட் என்று ஒரு சத்தம், பழுப்பு நிறப் புகை, அறை முழுக்கப் பல நாள் போகாத ஒரு நாற்றம். பார்க்கிறவர் கம்ப்யூட்டரே போய்விட்டது என்று நினைப்பார். பெரும்பாலும் போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பல சமயம் புகைக்கு நடுவிலேயே அது ஓடிக்கொண்டும் இருக்கும். அந்தக் கண்டென்சரை எடுத்துவிட்டு அதே அளவில், எக்ஸ்2 என்று குறித்த பாலிபுரொப்பிலீன் கண்டென்சரைப் போட்டால் முடிந்தது.

ஆனால் அதைப் போடப் பெட்டியைத் திறக்க வேண்டும், அங்கே 325 வோல்ட் வைத்திருக்கும் பெரிய கண்டென்சர் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் உயிர் மிச்சம் இருக்கலாம். இந்த வேலை பழகாதவர் இதைத் திறக்க வேண்டாம். டிவி மெக்கானிக்கிடம் கொடுங்கள், அவருக்குப் பத்து நிமிட வேலை.

வீட்டில் எப்படிச் சோதிப்பது

கமோடோர் செங்கலையே எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்தது என்றால் முதுகில் 120 வோல்ட் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை நம் 230-ல் நேரடியாகச் செருகக் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும்.

பழைய மெக்கானிக் கடைகளில் ஒரு சீரிஸ் போர்டு இருக்கும். ஒரு குண்டு பல்பு, அதற்கு அடுத்து ஒரு சாக்கெட், கரண்ட் பல்பு வழியாகத்தான் சாக்கெட்டுக்குப் போகும். வருடக்கணக்கில் தூங்கிய எந்தப் பெட்டிக்கும் முதல் கரண்ட்டை இதன் வழியாகக் கொடுப்பது நல்லது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி எரியாது. ஒருமுறை மினுங்கி மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை என்று அர்த்தம். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பல்புதான் வேண்டும்.

அடுத்து மல்டிமீட்டர். பிளக் ஏழு முள் டின் (DIN) என்ற வட்ட வகை. முட்கள் முக்கால் வட்டமாக நிற்கும், ஒரு பக்கம் இடைவெளி. இடைவெளியின் இரு கரையிலும் உள்ள கடைசி முட்கள் இரண்டும் 9 வோல்ட் ஏ.சி. இடைவெளிக்கு நேர் எதிரே உள்ள நடு முள் தரை. நடு முள்ளுக்கு இரு பக்கமும் உள்ள அண்டை முட்களில் ஒன்றில் 5 வோல்ட் டி.சி. வரும், மற்றது வெறும் முள். முட்கள் நெருக்கமாக இருப்பதால் மீட்டர் முனை வழுக்கி இரண்டைச் சேர்த்துவிடும். அதனால் ஒரு டின் சாக்கெட் வாங்கி, பின்னால் மூன்று நான்கு ஒயர் பற்றவைத்து வைத்துக்கொண்டால் நிம்மதி.

சுமை இல்லாமல் 5.0 காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். சுமை கொடுக்க வேண்டும். சென்னை ரிச்சி தெரு மாதிரிக் கடைகளில் வெள்ளை நிறச் செவ்வகமாக சிமெண்ட் ரெசிஸ்டர் கிடைக்கும், 4.7 ஓம், 10 வாட் என்று கேளுங்கள். 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே மாட்டினால் 1 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். கமோடோர் இழுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ரெசிஸ்டரை மேஜைத் துணி மேல் வைக்காதீர்கள், ஒரு தரை ஓட்டின் மேல் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் தொட முடியாத சூடு வரும். மீட்டரை மாட்டியபடி அரை மணி நேரம் விடுங்கள். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே ஆடாமல் நின்றால் அன்றைக்குத் தேறியது. 5.25-ஐத் தொட்டாலோ, சூடாக ஆக மெல்ல மேலே ஏறினாலோ அதன் கதை முடிந்தது. மறுபடி ஒருமுறை பார்க்கலாம் என்று தோன்றும், வேண்டாம்.

‘அன்றைக்கு’ என்று சொன்னதில் விஷயம் இருக்கிறது. ரெகுலேட்டர் ஷார்ட் ஆவதற்கு முன்னால் எச்சரிக்கை எதுவும் தருவதில்லை. நேற்று 5.02 காட்டியது இன்று 9 காட்டலாம். அதனால் பழைய செங்கலையே ஓட்ட விரும்புகிறவர்கள் நடுவில் ஒரு காவல் பெட்டி வைக்கிறார்கள். 5 வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஐந்தரையை நெருங்கினால் ரிலேயையோ, சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரையோ தட்டிவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். சின்ன சர்க்யூட்தான், செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், காவலோடு பழைய பெட்டியை ஓட்டுவதைவிடப் புதுப் பெட்டி செய்துகொள்வது நல்லது.

புதுப் பெட்டி

கமோடோருக்குப் புதிதாகச் செய்ய இரண்டு பொருள் போதும்: நல்ல தரமான 5 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து ஒரே பிளக்குக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆம்பியரைப் பற்றி ஒரு பயம் பலருக்கு உண்டு. 1.5 ஆம்பியர் கேட்கும் கம்ப்யூட்டருக்கு 3 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். போட்டால் கருகிவிடாதா? கருகாது. வோல்ட்டை எஸ்.எம்.பி.எஸ். தள்ளுகிறது, ஆம்பியரைக் கம்ப்யூட்டர்தான் தேவைக்கு இழுத்துக்கொள்கிறது. வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், ஆம்பியர் தேவைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கூட இருந்தால் நல்லது. தெருவோரம் விற்கும் மலிவான சார்ஜரை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அதன் ரிப்பிள் படத்திலும் சிட் சிப்பின் இசையிலும் இரைச்சலாகக் கேட்கும். சுவர்க் கரண்ட்டிலிருந்து நம்மைப் பிரிக்கும் தடுப்பும் அதில் நம்பும்படி இருக்காது.

டிரான்ஸ்ஃபார்மரில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. கடையில் 9 வோல்ட் என்று கேட்டால் பெரும்பாலும் ‘9-0-9’ எடுத்துக் கொடுப்பார்கள். மூன்று ஒயர் வெளியே வரும். நடு ஒயரும் ஓர் ஓர ஒயரும் சேர்ந்தால் 9 வோல்ட். இரண்டு ஓரத்தையும் சேர்த்து எடுத்தால் 18. நடு ஒயரை எடுங்கள், ஓர் ஓரத்தை எடுங்கள், மற்ற ஓரத்துக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். எடுத்த இரண்டில் எதையும் 5 வோல்ட்டின் தரையோடு சேர்க்கக் கூடாது. கம்ப்யூட்டருக்குள் இந்த ஏ.சி. போய்ச் சேரும் டயோடுகளின் ஒரு முனை ஏற்கெனவே தரையில் இருக்கிறது. இங்கேயும் சேர்த்தால் ஒரு டயோடு ஷார்ட் ஆகிவிடும். சுவர்ப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ், உலோகப் பெட்டி என்றால் எர்த். 230 வோல்ட் ஒயரைத் தொட்டுப் பழக்கம் இல்லாதவர் இந்தப் பகுதியை மட்டும் ஓர் எலெக்ட்ரீஷியனிடம் விடலாம்.

முடித்ததும் அதே சிமெண்ட் ரெசிஸ்டர், அதே அரை மணி நேரம். அப்புறம் கம்ப்யூட்டரின் சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது பிளக்கை மாட்டி, கடைசியாக ஆன் செய்யுங்கள். நீலத் திரையில் 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ என்று வந்தால் எட்டு மெமரி சிப்பும் உயிரோடு இருக்கின்றன.

பழைய செங்கலை என்ன செய்வது? பரணில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைக்காதீர்கள். பத்து வருடம் கழித்து வீட்டில் வேறு யாராவது எடுத்து, இரண்டும் ஜோடி என்று நினைத்துச் செருகிவிடுவார்கள். கம்ப்யூட்டர் பக்கம் போகும் ஒயரை, செங்கலை ஒட்டியே வெட்டிவிடுங்கள். அந்த ஏழு முள் பிளக்கும் ஒயரும் உங்கள் புதுப் பெட்டிக்கு அப்படியே ஆகும்.